பவளத்துக்கு எவ்வளவு வெளிச்சம் வேண்டும்?

"மீன் தொட்டிக்கு எதுக்கும்மா இவ்வளவு பெரிய விளக்கு? கல்யாண மண்டபம் மாதிரி இருக்கே!"

எங்கள் வீட்டுக்கு வருகிற பெண்களில் பாதிப் பேர் இப்படிக் கேட்டுவிடுகிறார்கள். மீதிப் பேர் மனசுக்குள் கேட்டுக்கொள்கிறார்கள். கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. சிங்கப்பூரில், வீவக அடுக்குமாடி வீட்டின் கூடத்தில், இரண்டடி நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி. அதில் உப்புத் தண்ணீர், நாலு சின்ன மீன், கல்லின் மேல் பூப்பூவாய்ப் பவளங்கள். தொட்டியைவிட அதன் தலைக்கு மேல் தொங்குகிற விளக்கு விலை ஜாஸ்தி என்று சொன்னால் யாருக்குத்தான் சிரிப்பு வராது?

ஆனால் பவளம் வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டியதே இந்த விளக்கு சமாசாரம்தான். மீனுக்கு விளக்கு அலங்காரம். பவளத்துக்கோ விளக்குதான் சாப்பாடு. அதை அலங்காரச் செலவில் எழுதாமல் மளிகைக் கணக்கில் எழுத வேண்டும்.

பவளம் என்றதும் மாலையில் கோக்கிற சிவப்பு மணி நம் நினைவுக்கு வருகிறது. வேடிக்கை என்னவென்றால், அந்தச் சிவப்புப் பவளம் மத்தியதரைக் கடலில் வெளிச்சம் எட்டாத இடுக்குகளில் வளர்வது. அதற்கு விளக்கே வேண்டாம். தொட்டிகளில் வளர்ப்பது வேறு ஜாதி. வெப்பக் கடலில், ஆழம் குறைந்த இடத்தில், வெயில் படும்படி வாழ்கிறவை. பார்க்கப் பூ மாதிரி இருந்தாலும் இவை செடி இல்லை, பிராணி. நடுவில் ஒரு வாய், சுற்றிலும் விரல் போன்ற உணர்கொம்புகள். இதன் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒருசெல் பாசி லட்சக்கணக்கில் குடியிருக்கிறது. பகல் வெளிச்சத்தில் இந்தப் பாசி சர்க்கரை தயாரித்து, அதில் பெரும்பகுதியைப் பவளத்துக்கே கொடுத்துவிடுகிறது. வாடகைக்குப் பதிலாக மூன்று வேளையும் சமைத்துப் போடுகிற குடித்தனக்காரி மாதிரி! வெளிச்சம் போதவில்லை என்றால் அடுப்பு எரியவில்லை என்று அர்த்தம். பவளம் மெள்ள மெள்ளப் பட்டினி கிடந்து சாகும். வாய் விட்டுக் கத்தவா போகிறது?

விளக்குக்குப் போவதற்கு முன், இந்தியாவில் இருக்கிற சகோதரிகள் ஒரு நிமிஷம் நில்லுங்கள். 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பாறை கட்டும் பவளங்கள், கடல் விசிறி முதலானவை 2001-ல் சேர்க்கப்பட்டன. புலிக்கு உள்ள பாதுகாப்பு அவற்றுக்கும் உண்டு. மன்னார் வளைகுடாவிலிருந்து எடுத்ததை எவராவது "சும்மா ஒரு துண்டுதாம்மா" என்று நீட்டினால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்காதீர்கள். ஜெயில் வரை போகிற விஷயம். சிங்கப்பூரிலும் நம் இஷ்டத்துக்குக் கடலில் இறங்கி ஒடித்து வர முடியாது. பாறைப் பவளங்கள் 'சைட்டீஸ்' என்னும் சர்வதேச ஒப்பந்தத்தில் அடங்கியவை. முறையாக அனுமதி பெற்று இறக்குமதியானதை, முடிந்தால் தொட்டியிலேயே வளர்த்து வெட்டி விற்கிற சிறு துண்டுகளை, கடையில் கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

இனி வெளிச்சத்துக்கு வருவோம்.

சூரிய வெளிச்சத்தில் எல்லா நிறமும் உண்டு. கடலுக்குள் இறங்க இறங்க முதலில் சிவப்பைத் தண்ணீர் விழுங்கிவிடும். பிறகு ஆரஞ்சு, மஞ்சள். கடைசி வரைக்கும் ஆழத்துக்குப் போவது நீலம். அதனால் பவளத்துக்குள் இருக்கும் பாசி நீல வெளிச்சத்தை நன்றாக உபயோகித்துக்கொள்ளப் பழகியிருக்கிறது. நம் வீட்டுச் சமையலறை பல்பு 3000 கெல்வின் என்றால் மஞ்சள் பாய்ந்த ஒளி. 6500 கெல்வின் என்றால் வெள்ளை. பவளத் தொட்டிக்கென்று விற்கிற விளக்குகளின் பெட்டியில் 10,000 முதல் 20,000 கெல்வின் வரை போட்டிருப்பார்கள். எண் கூடக் கூட நீலம் கூடுகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். வீட்டில் மீந்து கிடக்கிற ட்யூப் லைட்டை மாட்டிச் சமாளிக்கலாம் என்றால், தொட்டி நமக்குப் பளிச்சென்று தெரியும், பவளத்துக்கு வயிறு நிரம்பாது.

சரி, எவ்வளவு வெளிச்சம்? இங்கேதான் கடைக்காரர்கள் நம்மை வாட் கணக்கில் சுற்றிவிடுவார்கள். வாட் என்பது விளக்கு சாப்பிடுகிற கரண்ட். அது கொடுக்கிற வெளிச்சம் அல்ல. லக்ஸ் மீட்டரும் முழுக்க உதவாது, அது மனுஷக் கண்ணுக்கு ஏற்றபடி பச்சை, மஞ்சள் ஒளியை அதிகமாகவும் நீலத்தைக் குறைவாகவும் எண்ணும். பவளக்காரர்கள் பார்ப்பது 'பார்' என்கிற அளவு. ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் வெளிச்சம் ஒரு சதுர மீட்டரில் ஒரு வினாடிக்கு எவ்வளவு விழுகிறது என்பதே அது. உச்சி வெயிலில் திறந்த வெளியில் இது சுமார் 2000 இருக்கும். தொட்டியில் அவ்வளவெல்லாம் வேண்டியதில்லை. காளான் பவளத்துக்கு 50 முதல் 100 போதும். தோல் பவளம், சுத்தியல் பவளம் போன்றவற்றுக்கு 80 முதல் 150. மான்கொம்பு போலக் கிளைவிடும் அக்ரோபோராவுக்கு 250, 350 என்று வேண்டும். அதற்கான மீட்டர் விலை அதிகம். ஒரு தடவை அளப்பதற்காக வாங்க வேண்டாம். வாடகைக்கோ இரவலாகவோ தருகிற கடைகள் உண்டு, கூச்சப்படாமல் கேளுங்கள்.

என் யோசனை, முதலில் என்ன பவளம் என்று தீர்மானம் செய்துவிட்டு அப்புறம் விளக்கு வாங்குங்கள். கைக்குழந்தை வைத்திருக்கிறவர்கள் காளான், தோல் வகைகளோடு நிறுத்திக்கொள்வது உத்தமம். மான்கொம்பு பார்க்க அழகுதான். ஆனால் அதன் வெளிச்சம், அதன் சூடு, அதன் தண்ணீர்ப் பரிசோதனை என்று இன்னொரு பிள்ளையை வளர்க்கிற பாடு.

விளக்கில் மூன்று வகை புழக்கத்துக்கு வந்தன. பழைய மெட்டல் ஹாலைட் விளக்கு 150, 250, 400 வாட்களில் வரும். அலை மேல் வெயில் பட்டாற்போலத் தண்ணீருக்குள் ஒளி நெளிவதைப் பார்த்தால் கண் கொட்டாது. ஆனால் அது விளக்கா, அடுப்பா என்று சந்தேகம் வரும். நம் ஊர்ப் புழுக்கத்துக்கு வேண்டாம். அடுத்தது டி-5 குழல் விளக்கு. ஒளி ஒரே சீராக, நிழல் விழாமல் பரவும். ஆனால் ஒன்பது மாதம், ஒரு வருஷத்துக்கு ஒருமுறை குழலை மாற்ற வேண்டும். எரிந்துகொண்டுதான் இருக்கும், ஆனால் சத்துக் குறைந்திருக்கும். மூன்றாவது எல்.இ.டி. நீல ஒளி தரும் எல்.இ.டி.யை நல்ல பிரகாசத்தோடு ஷூஜி நகாமுரா 1993-ல் உருவாக்கினார். அவருக்கும் அகாஸாகி, அமானோ என்ற இருவருக்கும் 2014-ல் பௌதிகத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. அதனால்தான் வெள்ளை, நீலம், ஊதா எல்லாவற்றையும் தனித்தனியே கூட்டிக் குறைக்கிற இந்த விளக்குகள் நம் கைக்கு வந்தன. இன்றைக்குப் புதிதாக வாங்குகிறவர்களுக்கு நான் சொல்வது எல்.இ.டி.தான். ஒரே குறை, ஒளி ஒரு புள்ளியிலிருந்து கீழே கொட்டும். நடுவில் கொளுத்தும், ஓரத்தில் இருட்டும். இரண்டடித் தொட்டிக்கு ஒரு விளக்கு என்றால் பரந்த வகையாகப் பாருங்கள். மூன்றடிக்கு மேல் போனால் ஒரு பெரியதைவிட இரண்டு சின்னது நல்லது.

"விளக்கே வேண்டாமே, ஜன்னலோரம் வைத்தால் ஓசி வெயில்தானே?" என்று என் மாமியார் கேட்டார். அவர் கேட்டது வெறும் சிக்கனப் பேச்சு இல்லை. ஜகார்த்தாவில் லீ சின் எங் என்பவர் கடல் கல்லையும் காற்றுக் குமிழியையும் சூரிய ஒளியையும் மட்டும் வைத்துப் பவளம் வளர்த்ததைப் பற்றி 1961-ல் ஒரு மீன் வளர்ப்புப் பத்திரிகையில் எழுதியிருக்கிறார். ஆனால் அடுக்குமாடி ஜன்னல் வெயில் ஒரு பக்கமாகச் சில மணி நேரம் சுள்ளென்று அடிக்கும், பிறகு போய்விடும். தொட்டி கொதிக்கும், கண்ணாடி முழுக்கப் பச்சைப் பாசி ஏறும். தண்ணீர் 24 முதல் 27 டிகிரிக்குள் இருக்க வேண்டும். 30-ஐத் தாண்டினால் ஆபத்து. விசிறியோ குளிர்விப்பானோ இல்லாமல் இங்கே முடியாது என்கிறபோது, வெயிலையும் கூப்பிட்டு விருந்து வைப்பானேன்?

வெளிச்சம் குறைந்தால் பட்டினி என்றேன். கூடினால்? அதுதான் இன்னும் மோசம், அதுவும் அவசரமாக நடப்பது.

என் நாத்தனார் மகன் பாலிடெக்னிக்கில் படிக்கிறவன். நாலு வருஷமாக டி-5 குழலில் வளர்த்துக்கொண்டிருந்தான். பகுதி நேர வேலைப் பணத்தில் பலசாலியான எல்.இ.டி. ஒன்று வாங்கி, அன்றைக்கே முழு வேகத்தில் எரியவிட்டான். ஐந்தாம் நாள் காலையில் நாத்தனாரிடமிருந்து போன்.

"அண்ணி, தொட்டியில இருக்கறதெல்லாம் வெள்ளை வெளேர்னு ஆயிட்டுது. ஒருவேளை நான் தரை துடைக்கிற மருந்து ஏதாவது பட்டுட்டுதா? பையன் ராத்திரிலேருந்து சாப்பிடல."

மருந்தும் இல்லை, மாயமும் இல்லை. திடீரென்று வெளிச்சம் பல மடங்கானபோது உள்ளே இருந்த பாசி தாங்க முடியாமல் கெட்டுப்போக, பவளம் அதை வெளியே தள்ளிவிட்டது. நிறம் பாசியோடு போய்விடுகிறது. கண்ணாடி போன்ற சதை வழியே உள்ளே இருக்கும் சுண்ணாம்பு எலும்பு தெரிகிறது. அதுதான் அந்த வெளுப்பு. கடலில் சூடு ஏறும்போதும் இதுவே நடக்கிறது. 1998, 2010, 2016 ஆகிய வருஷங்களில் மன்னார் வளைகுடாவிலும் சிங்கப்பூர்க் கடலிலும் நடந்தது. 2024-ல் இங்கே மறுபடியும் நடந்தது.

வெளுத்த பவளம் செத்த பவளம் இல்லை என்பது தாய்மார்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். பிள்ளைகள் அழுதுகொண்டே குப்பையில் கொட்டிவிடக்கூடும். அது உயிரோடுதான் இருக்கிறது, சமையல்காரி போய்விட்டாள், அவ்வளவுதான். நாங்கள் விளக்கை நூற்றுக்கு 25-க்கு இறக்கினோம். எரிகிற நேரத்தை ஆறு மணியாக்கினோம். சுத்தியல் பவளத்தைக் கல்லின் நிழலுக்கு நகர்த்தி, வாரம் இரண்டு ராத்திரி அதன் வாயருகே பொடி இறாலைக் குழாயால் ஊட்டினான் பையன். ஏறக்குறைய இரண்டு மாதத்தில் நுனிகளில் பச்சை துளிர்த்தது. மேலே உச்சியில் இருந்த மான்கொம்பு மட்டும் பிழைக்கவில்லை. சதை உரிந்து வெறும் எலும்பானதும் தண்ணீர் கெடாமல் அதை எடுத்துவிட்டோம். ஆறு வெள்ளிக்கு விரல்நுனித் துண்டாக வாங்கி மூன்று வருஷம் வளர்த்தது.

ஆகவே புது விளக்கு வந்தால் 30, 35 சதவீதத்தில் தொடங்குங்கள். நாலைந்து நாளுக்கு ஒருமுறை ஐந்தைந்தாக ஏற்றுங்கள். ஒரு மாதம் ஆனால் ஆகட்டும். புதுப் பவளம் வாங்கினாலும் அப்படியே. முதலில் அடித்தரையில் வைத்து, வாரா வாரம் பார்த்து மேலே கொண்டுவர வேண்டும். கைப்பிள்ளைக்குச் சோறு பழக்குவதில்லையா? அதே பொறுமைதான்.

வெளிச்சம் போதவில்லை என்றால் எப்படித் தெரியும்? நிறம் மங்கி மண்பழுப்பாகும். இருக்கிற கொஞ்ச வெளிச்சத்தைப் பிடிக்க உள்ளே பாசி பெருகிவிடுவதால் அப்படி. தோல் பவளம், காளான் எல்லாம் விளக்கை நோக்கிக் கழுத்தை நீட்டும். வெளிச்சம் அதிகமானால் வெளிறும், சுருங்கிக்கொள்ளும். தினம் காலையில் ஒரு நிமிஷம் நின்று பார்க்கிறவர்களுக்கு மீட்டரே தேவைப்படாது என்று சொல்வேன்.

கடைக்குப் போகிறபோது இன்னொன்று. அங்கே வெறும் நீல விளக்கின் கீழ் பவளங்கள் பச்சையும் ஆரஞ்சுமாய் ஜொலிக்கும். நீல ஒளியை வாங்கி வேறு நிறமாகத் திருப்பித் தரும் புரதங்கள் அவற்றின் உடம்பில் இருப்பதால் வருகிற ஜொலிப்பு. பொய் இல்லை, ஆனால் முழு நிஜமும் இல்லை. ஜவுளிக்கடை வெளிச்சத்தில் புடவை எடுப்பது போலத்தான். "வெள்ளை விளக்கைப் போடுங்க அங்கிள்" என்று கேட்டு, அதில் பார்த்து வாங்குங்கள். வெளுத்துப்போன துண்டு கூட நீலத்தில் மின்னும்.

எத்தனை மணி நேரம் எரிய வேண்டும்? எட்டிலிருந்து பத்து. எங்கள் வீட்டில் காலை 11-க்கு மெதுவாக விடிந்து, இரவு எட்டுக்கு அஸ்தமனம். டைமர் அவசியம். மறதிக்காரர்கள் கையால் போட்டு அணைத்தால் பவளத்துக்கு ஒருநாள் ஏகாதசி, மறுநாள் விருந்து என்று ஆகிவிடும். ராத்திரி முழு இருட்டும் அதற்கு வேண்டும். நம் குழந்தைகளுக்கும் அப்படியே. படுக்கும் நேரத்தில் நீல ஒளி கண்ணில் பட்டால் தூக்கம் தள்ளிப்போகும். ஆகவே பிள்ளைகள் படுக்கிற அறையில் இந்தத் தொட்டியை வைக்காதீர்கள். விளக்கின் அடிப்பாகம் தவழுகிற, எட்டிப் பார்க்கிற குழந்தையின் கண்ணுக்கு நேரே வராதபடியும் இருக்க வேண்டும். கூர்மையான நீல எல்.இ.டி.யை உற்றுப் பார்ப்பது கண்ணுக்கு நல்லதல்ல.

உப்புத் தண்ணீர், 230 வோல்ட் மின்சாரம், இரண்டு வயதுப் பிள்ளை, மூன்றும் ஒரே மூலையில் இருப்பதை நினைத்துப் பாருங்கள். விளக்கின் ஒயர் பிளக்குக்கு நேராகச் சரிந்து வரக் கூடாது. பிளக்கைவிடத் தாழத் தொங்கி, வளைந்து மேலேறிச் செல்ல வேண்டும். ஒயர் வழியே வழிகிற தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது. வீட்டு மின்பெட்டியில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா, அதன் சோதனைப் பட்டனை அமுக்கினால் விழுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தொட்டியே வாங்க வேண்டும். விளக்கை இரண்டு இடத்தில் பிடிமானம் கொடுத்து மாட்டுங்கள். பிள்ளை ஒயரை இழுத்தால் தண்ணீருக்குள் விழக் கூடாது. தொட்டிக்குள் கை விடும் முன் பிளக்கைப் பிடுங்குவது என் வீட்டுச் சட்டம். அவருக்கும் சேர்த்துத்தான்.

விளக்கு விஷயம் இல்லைதான், ஆனாலும் சொல்லாமல் போக மனசு வரவில்லை. பொத்தான் பூ போலக் குட்டி குட்டியாய்ப் படர்கிற ஜோவாந்திட் பவளம் எந்த வெளிச்சத்திலும் வளரும் என்று புதியவர்களுக்குத் தருவார்கள். அந்த இனத்தில் சிலவற்றில், முக்கியமாகப் பாலிதோவாவில், பாலிடாக்ஸின் என்கிற கொடிய விஷம் உண்டு. ஹவாயில் 1971-ல் பிரித்தெடுத்தார்கள். வேண்டாத கல்லைச் சுத்தம் செய்கிறேன் என்று அதன் மேல் கொதிநீர் ஊற்றிய வீடுகளில், அந்த ஆவியைச் சுவாசித்துக் குடும்பமே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறது. சுரண்டுவது, வேகவைப்பது, பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்ப்பது எதுவும் கூடாது. கையுறை இல்லாமல் தொடாதீர்கள், கையில் கீறல் இருந்தால் பக்கத்திலேயே போகாதீர்கள். சின்னக் குழந்தை இருக்கிற வீட்டில் அதை வாங்கவே வேண்டாம் என்பது என் கட்சி.

செலவுக் கணக்கு கேட்பீர்கள். 90 வாட் எல்.இ.டி. தினம் ஒன்பது மணி நேரம் முழு வேகத்தில் எரிந்தால் மாதம் சுமார் 24 யூனிட். யூனிட் 30 காசு என்று வைத்தால் ஏழு வெள்ளிக்குச் சற்று மேல். 250 வாட் மெட்டல் ஹாலைட் என்றால் அதே கணக்கில் 67 யூனிட், இருபது வெள்ளி. அது கக்குகிற சூட்டை இறக்கக் குளிர்விப்பானுக்குத் தனி. விளக்கு வாங்கும்போது இருநூறு வெள்ளி மிச்சம் என்று பழையதை வாங்கினவர்கள் பிற்பாடு கரண்ட் பில்லைப் பார்த்துத்தான் அழுதார்கள்.

வாரம் ஒருமுறை விளக்கின் கண்ணாடியில் படிந்த உப்பை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடையுங்கள். அந்த வெள்ளைப் படலமே வெளிச்சத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும். தண்ணீர் மஞ்சள் பாய்ந்தாலும் நீலம் கீழே இறங்காது. வடிகட்டியில் கரித்தூள் பை ஒன்று போட்டால் தெளியும். ஆனால் மாதக்கணக்கில் மஞ்சளாக இருந்ததை ஒரே நாளில் தெளிய வைத்தால், அதுவும் புது விளக்கு போட்ட மாதிரிதான். அன்றைக்கு விளக்கைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள்.

ஊருக்குப் போனால் என்ன செய்வது என்பது பலருக்கும் கவலை. நாங்கள் பொங்கலுக்குப் பத்து நாள் தஞ்சாவூர் போகிறபோது டைமர் பாட்டுக்கு ஓடும். எதிர்வீட்டு அக்காவிடம் சாவி இருக்கும். ஆவியாகிப் போகிற அளவுக்கு நல்ல தண்ணீர், தினம் கோடு வரை ஊற்றினால் போதும். உப்பு ஆவியாவதில்லை, அதனால் உப்புத் தண்ணீர் ஊற்றக் கூடாது. விளக்கின் மேல் மட்டும் "தொட வேண்டாம் அக்கா" என்று ஒரு சீட்டு ஒட்டிவிட்டுப் போவேன்.